துளைக்குள் நடக்கும் வேதிவினை: நுண்துளை வினையூக்கி வடிவமைக்கத் தொடங்குபவர்களுக்கு

நுண்துளைத் திண்மம் ஒன்றை வினையூக்கியாகச் செய்ய வேண்டும் என்று வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பொருளைச் செய்யலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஒரு தாளை எடுத்து, எந்த மூலக்கூறு துளைக்குள் போகப்போகிறது, உள்ளே என்னவாக மாறப்போகிறது, மாறிய பிறகு எதெல்லாம் அதே வழியில் வெளியே வந்தாக வேண்டும் என்று மூன்று வரி எழுதுங்கள். துளையின் அகலம், வினை நடக்கும் இடமான செயல் மையத்தின் தன்மை, துகளின் பருமன் எல்லாமே அந்த மூன்று வரியிலிருந்துதான் வருகின்றன. ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு கிடைத்தும் வினை நகராமல் நிற்கும் வினையூக்கிகள் ஏராளம். பரப்பு இருக்கும், மையமும் இருக்கும், மூலக்கூறுக்குப் போய்வர வழி இருக்காது.

இந்தக் கட்டுரை ஓர் எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் கடைசி வரை கூடவே கொண்டுபோகிறது: ஒலியிக் அமிலத்தை மெத்தனாலோடு சேர்த்து எஸ்டராக்கும் வினை, அதற்கு சல்ஃபோனிக் அமிலத் தொகுதி பதித்த எஸ்பிஏ-15 என்ற துளையுள்ள சிலிக்கா. வேதிக்கூடத்தில் அடிப்படைப் பழக்கம் உள்ள எவரும் இரண்டு வாரத்தில் செய்து, சோதித்து, முடிவு சொல்லிவிடக்கூடிய வேலை இது. ஜியோலைட்டும் (சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த நுண்துளைப் படிகம்) உலோகம் ஏற்றுவதும் இடையிடையே வரும்.

முதலில் மூலக்கூறை அளந்துபாருங்கள்

துளைகளை அகலம் பார்த்து மூன்றாகப் பிரிப்பது வழக்கம். 2 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் மைக்ரோதுளை, 2 முதல் 50 வரை மீசோதுளை, அதற்கு மேல் மேக்ரோதுளை. ஜியோலைட்டுகள் முதல் வகை. சாப்போ-34இன் வாசல் ஏறக்குறைய 0.38 நானோமீட்டர், ஜெட்எஸ்எம்-5இன் குழாய் 0.55 அளவில், ஜியோலைட் ஒய்யின் வாசல் 0.74. எஸ்பிஏ-15 இரண்டாம் வகை. சாதாரணமாக 5 முதல் 10 நானோமீட்டர் வரையில் செய்துகொள்ளலாம்.

துளை மூலக்கூறுக்கு நெருக்கமாக இருந்தால் அது ஒரு சல்லடையாகவே வேலை செய்யும். சைலீன்கள் இதற்கு நல்ல உதாரணம். பாரா-சைலீனின் இயக்க விட்டம் (துளைக்குள் நகர அதற்குத் தேவைப்படும் குறுக்களவு) சுமார் 0.58 நானோமீட்டர், ஆர்த்தோவும் மெட்டாவும் சுமார் 0.68. ஜெட்எஸ்எம்-5 குழாய்க்குள் பாரா வடிவம் மற்ற இரண்டையும்விட ஆயிரம் மடங்கு அளவில் வேகமாக நகர்கிறது. உள்ளே மூன்றும் உருவானாலும் வெளியே வருவது பெரும்பாலும் பாராதான். மற்றவை உள்ளே சிக்கி, மறுபடி பாராவாக மாறிய பிறகுதான் தப்பிக்கின்றன. 0.58 எப்படி 0.55க்குள் போகிறது என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், சரியாகத்தான் படிக்கிறீர்கள். சட்டகம் வெப்பத்தில் அதிர்கிறது, மூலக்கூறும் விறைத்த உருண்டை அன்று. அதனால் அட்டவணை எண்களுக்குள் 0.05 நானோமீட்டர் அளவு வேறுபாட்டை வைத்துப் "போகும்", "போகாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

நம் வினைக்கு வருவோம். ஒலியிக் அமிலம் ஏறக்குறைய 2 நானோமீட்டர் நீளச் சங்கிலி, நடுவில் ஒரு வளைவு. குறுக்களவு குறைவுதான் என்பதால் 0.74 வாசலில் நூல்போல நுழைந்துவிடக்கூடும். ஆனால் நுழைந்த சங்கிலி குழாயை அடைத்துக்கொண்டு ஊர்ந்துதான் போகும், எதிரே வரும் எஸ்டருக்கும் தண்ணீருக்கும் ஒதுங்க இடம் கிடையாது. இரண்டு சங்கிலி தாராளமாகப் பக்கத்தில் பக்கத்தில் போய்வர 5 நானோமீட்டருக்கு மேல் வேண்டும். ஜியோலைட்டை விட்டுவிட்டு மீசோதுளைச் சிலிக்காவுக்கு வந்த காரணம் இவ்வளவுதான்.

மூன்றாவது வரியில் தண்ணீரையும் எழுதினீர்களா? எஸ்டராக்கலில் ஒவ்வொரு மோல் அமிலத்துக்கும் ஒரு மோல் தண்ணீர் பிறக்கிறது. சிலிக்காவின் சுவர் தண்ணீரை விரும்பும் சுவர். அமில மையத்தைச் சுற்றித் தண்ணீர் குவிந்தால் கொழுப்பு அமிலம் கிட்டே வர முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சோதனைக் கட்டத்தில் இது திரும்ப வரும்.

செயல் மையம்: எத்தனை, எங்கே

சிலிக்காவுக்கென்று சொல்லிக்கொள்ளும் அமிலத்தன்மை கிடையாது. அதை நாம்தான் கொடுக்க வேண்டும். ஜியோலைட்டில் ஒரு சிலிக்கானை எடுத்துவிட்டு அலுமினியத்தை வைத்தால் ஓர் எதிர்மின்சுமை மிஞ்சும். அதைச் சமன் செய்ய ஒரு புரோட்டான் வந்தால் அதுவே வலிமையான பிரான்ஸ்டெட் அமில மையம், அதாவது புரோட்டான் தரும் மையம். எனவே மையங்களின் எண்ணிக்கையைச் செய்முறைக்கு முன்பே காகிதத்தில் கணக்கிடலாம். சிலிக்கான்-அலுமினிய விகிதம் 40 என்றால் ஒரு அலுமினியத்துக்குரிய எடை சுமார் 2463 கிராம்/மோல். அதாவது கிராமுக்கு 0.41 மில்லிமோல் புரோட்டான். சோதனையில் இதைவிட மிகக் குறைவாக வந்தால் அலுமினியம் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டு அலுமினியம் ஒரே ஆக்சிஜனைப் பகிர்ந்துகொள்ளாது என்ற லோவன்ஸ்டைன் விதியால் இந்த விகிதம் 1க்குக் கீழே போவதில்லை.

மையம் கூடக்கூட வேகமும் கூடும் என்ற நினைப்புதான் புதியவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. மையங்கள் நெருங்கினால் ஒன்றில் பிறந்த விளைபொருள் பக்கத்து மையத்தில் மறுபடி வினைபுரியும். கரி படிவதும் கூடும், சுவர் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதும் கூடும். ஜியோலைட்டில் 25 முதல் 50 வரையிலான விகிதத்தில் தொடங்கி, பிறகு தேவையைப் பார்த்து மாற்றுவது நல்லது.

நம் எடுத்துக்காட்டில் மொத்தச் சிலிக்கானில் பத்தில் ஒரு பங்கு சல்ஃபோனிக் தொகுதியைத் தாங்கும்படி திட்டமிடுகிறோம். அதற்கு மேல் போனால் துளைகளின் அறுகோண ஒழுங்கு குலையத் தொடங்குகிறது.

செய்முறை

சல்ஃபோனிக் தொகுதியைப் பிறகு ஒட்டவைக்கலாம், அல்லது சிலிக்கா உருவாகும்போதே சேர்த்துவிடலாம். பிறகு ஒட்டினால், அந்தத் தொகுதியைச் சுமந்துவரும் சிலேன் துளையின் வாயிலேயே குவிந்து உள்பகுதி வெறுமையாக இருந்துவிடுகிறது. அதனால் இங்கே இரண்டாவது வழி. பொடியை ஒருமுறை செய்ய, அதாவது ஒரு தொகுதிப் பொடிக்கு, தேவையானவை:

புளூரோனிக் பி-123 (துளைக்கு வார்ப்பாக நிற்கும் பாலிமர், பின்னால் வெளியேற்றப்படும்): 4.0 கிராம்
1.9 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம்: 125 கிராம்
டெட்ரா எத்தில் ஆர்த்தோசிலிக்கேட்: 7.7 கிராம்
மெர்காப்டோபுரோப்பைல் டிரைமீத்தாக்சி சிலேன்: 0.80 கிராம்
30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு: 4.2 கிராம்
வார்ப்பைக் கரைத்தெடுக்க எத்தனால்: 1.5 கிராம் பொடிக்கு 400 மி.லி.

எல்லாவற்றையும் புகைக்கூண்டுக்குள் செய்யுங்கள். மெர்காப்டோ சிலேனின் நாற்றம் ஒரு துளி சிந்தினாலே மாடி முழுக்கப் பரவும். அதைவிட முக்கியமானது, அமிலமும் பெராக்சைடும் சேரும்போது சிறிதளவு குளோரின் வெளிவரலாம். நாற்றத்தைப் போக்க வெளுப்புக் கரைசல் பயன்படுத்துவதானால் அமிலம் பட்ட பாத்திரத்தில் அதை ஊற்றவே கூடாது. முதலில் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு, பிறகு தனியாக.

படி 1. பி-123 கெட்டியான மெழுகுபோல் இருக்கும், கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். பீக்கரிலேயே நேரடியாக எடை போட்டு, அதே பீக்கரில் அமிலத்தை ஊற்றிக் காந்தக் கலக்கியில் அறை வெப்பநிலையில் விடுங்கள். இரண்டு மூன்று மணி நேரமாகும். அவசரப்பட்டுச் சூடாக்க வேண்டாம். இந்தப் பாலிமர் குளிர்ந்த நீரில்தான் நன்றாகக் கரையும், சூடு ஏறினால் நீரைவிட்டு விலகும். கரைசல் கண்ணாடிபோல் தெளிந்த பிறகு 40 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுபோங்கள். அடியில் ஒரு சிறு கட்டி மிச்சமிருந்தாலும் வார்ப்பின் அளவு மாறும், துளையின் அளவும் அதோடு மாறும்.

படி 2. வெப்பநிலை 40இல் நின்ற பிறகு சிலிக்கேட்டை ஐந்து நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதலில் மேலே எண்ணெய்த் துளிகளாக மிதக்கும், பிறகு நீராற்பகுப்பு நடந்து கலந்துவிடும். கலக்கும் வேகம் நிமிடத்துக்கு 300 முதல் 500 சுற்றுக்குள் இருக்கட்டும். துளிகளைக் கலைக்கும் அளவு வேண்டும், நுரை எழும் அளவு கூடாது.

படி 3. சரியாக 45 நிமிடம் காத்திருங்கள். இந்தக் காத்திருப்புக்குக் காரணம் உண்டு. மெர்காப்டோ சிலேனையும் ஒன்றாகவே ஊற்றினால் அதன் எண்ணெய்த் தன்மை, சிலிக்கா வார்ப்பைச் சுற்றி ஒழுங்காக அமைவதற்கு முன்பே குறுக்கிடும். சிலிக்காச் சட்டகம் ஓரளவு பிடித்த பிறகு சேர்த்தால் ஒழுங்கு கெடுவதில்லை. கரைசல் தெளிவிலிருந்து மெல்லிய நீலப் புகைபோல மாறி, பிறகு பால்போல் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எத்தனையாவது நிமிடத்தில் வெளுத்தது என்று குறித்துவையுங்கள். அடுத்த முறை அந்த நேரம் பத்து நிமிடம் மாறினால் வெப்பநிலையோ அமில அடர்த்தியோ தவறியிருக்கிறது என்று பொருள். கருவிக்கு அனுப்பி ஒரு வாரம் காத்திருக்காமலே இது தெரிந்துவிடும்.

படி 4. சிலேனைச் சேர்த்து, பெராக்சைடையும் சிறிது சிறிதாக விடுங்கள். பெராக்சைடின் வேலை, மெர்காப்டோ தொகுதியைச் சல்ஃபோனிக் அமிலமாக ஆக்சிஜனேற்றம் செய்வது. பாத்திரத்தைத் தளர்வாக மூடி 40 டிகிரியில் 20 மணி நேரம் கலக்குங்கள். இறுக மூடினால் ஆக்சிஜன் அழுத்தம் ஏறும்.

படி 5. பெராக்சைடு காட்டும் சோதனைத் தாளில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். இன்னும் அதிகம் மிஞ்சியிருந்தால் மேலும் சில மணி நேரம் விடுங்கள். பிறகு கலவையை டெஃப்லான் உறையிட்ட அழுத்தக் கலனுக்கு மாற்றி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், கலக்காமல், 100 டிகிரியில் 24 மணி நேரம் வையுங்கள். துளையின் அகலத்தை இங்கேதான் திருகிக்கொள்ளலாம். 80 டிகிரியில் துளை சிறுத்து, சுவர் தடித்து, சுவருக்குள் மைக்ரோதுளைகள் அதிகமாகும். 120க்கு மேல் போனால் துளை அகன்று சுவர் மெலியும்.

படி 6. ஆறவிட்டு வடிகட்டி, தண்ணீரால் கழுவுங்கள். கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டால் வெண்மை தோன்றாத வரை கழுவ வேண்டும். இதைச் சோம்பலில் விட்டுவிட்டால் ஒட்டியிருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பின்னால் உங்கள் அமில அளவீட்டில் சேர்ந்துகொண்டு, இல்லாத மையங்களை இருப்பதாகக் காட்டும்.

படி 7. வார்ப்பை வெளியேற்ற வேண்டும். வெறும் எஸ்பிஏ-15 என்றால் நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் ஏற்றி 550 டிகிரியில் ஆறு மணி நேரம் காற்றில் சுட்டால் போதும். நம்மிடம் இருப்பதைச் சுடக் கூடாது, சல்ஃபோனிக் தொகுதியும் சேர்ந்து எரிந்துவிடும். எத்தனாலில் 24 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்து, சூடாகவே வடிகட்டி, புதிய எத்தனாலால் கழுவி, 80 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்துங்கள். வார்ப்பு போய்விட்டதா என்பது வெப்ப எடையிழப்பு ஆய்வில் தெரியும். 300 டிகிரிக்குக் கீழே வரும் இழப்பு, தண்ணீரைக் கழித்த பிறகு, மிச்ச வார்ப்பு. 350க்கு மேல் வருவது சல்ஃபோனிக் தொகுதி. மிச்சம் அதிகமென்றால் ரிஃப்ளக்ஸை மறுபடி செய்யுங்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் 2.9 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். நான்கு கிராம் கிடைத்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம், உள்ளே வார்ப்பு இருக்கிறது.

கருவிகள் சொல்வதையும் சொல்லாததையும்

தாழ்கோண எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில், தாமிரக் கதிரென்றால், இருதீட்டா 0.8 முதல் 1.0 டிகிரிக்குள் ஓர் உயர்ந்த முகடும், 1.5க்கும் 1.9க்கும் இடையில் இரண்டு சிறு முகடுகளும் வர வேண்டும். சிறு முகடுகள் மறைந்து பெரியது மட்டும் அகன்று நின்றால் துளைகள் இருக்கின்றன, அடுக்கு குலைந்திருக்கிறது. வினைக்கு அது பெரிய நஷ்டம் ஆகாமலும் போகலாம். அழகான படத்துக்காக மட்டும் ஒரு மாதத்தைச் செலவிடாதீர்கள்.

நைட்ரஜனைச் சுவரில் படியவைத்துப் பரப்பையும் துளையையும் அளக்கும் பரப்புக் கவர்ச்சியில்தான் அதிகத் தவறு நடக்கிறது. முதல் தவறு வாயு நீக்கும் வெப்பநிலை. வெறும் சிலிக்காவை 300 டிகிரியில் வைப்பார்கள். சல்ஃபோனிக் சிலிக்காவை 120க்கு மேல் கொண்டுபோகாமல், நேரத்தைக் கூட்டுங்கள். இரண்டாவது, துளை அகலப் பரம்பலை, அழுத்தத்தைக் குறைக்கும்போது வரும் இறங்கு வளைவிலிருந்து எடுப்பது. ஒப்பு அழுத்தம் 0.42 முதல் 0.45 வரையில் துளைக்குள் இருக்கும் திரவ நைட்ரஜன் நிலைகுலைந்து ஒரேயடியாக வெளியேறும். அது 3.8 நானோமீட்டரில் ஒரு கூர்மையான போலி முகட்டைக் கிளப்பும். ஏறு வளைவில் அந்த முகடு இல்லையென்றால் அப்படி ஒரு துளையும் இல்லை. எந்தப் பொருளை அளந்தாலும் 3.8 என்றே வந்துகொண்டிருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, துளை அகலம் காணும் பழைய பிஜேஹெச் கணக்கு இந்த அளவுத் துளைகளை ஏறக்குறைய 1 நானோமீட்டர் குறைத்துக் காட்டும். அடர்த்திச் சார்பியக் (டிஎஃப்டி) கணக்கு கருவியின் மென்பொருளில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இந்தப் பொருளுக்கு 600 முதல் 800 சதுர மீட்டர் பரப்பும் 5 முதல் 7 நானோமீட்டர் துளையும் எதிர்பார்க்கலாம்.

ஜியோலைட்டுக்கு, இதே அளவீட்டிலிருந்து வரும் பிஇடி பரப்பு என்ற எண்ணே கவனமாகக் கையாள வேண்டியது. அந்தக் கணக்கு அடுக்கடுக்காகப் படிவதை எண்ணுகிறது. மைக்ரோதுளைக்குள் அடுக்கு என்று ஒன்று இல்லை, துளை ஒரேயடியாக நிரம்புகிறது. ஒப்பீட்டுக்கு மட்டும் அந்த எண்ணை வைத்துக்கொண்டு, மைக்ரோதுளைக் கனஅளவைப் பிரதானமாகப் பாருங்கள்.

அமில மையங்களை எண்ண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். 0.100 கிராம் பொடியை 2 மோலார் சோடியம் குளோரைடு 20 மி.லி.யில் 24 மணி நேரம் கலக்குங்கள். சோடியம் உள்ளே போய் புரோட்டான் வெளியே வரும். வடிகட்டி, பீனால்ஃப்தலீன் விட்டு, 0.01 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பாருங்கள். 11 மி.லி. செலவானால் கிராமுக்கு 1.1 மில்லிமோல். நம் செய்முறையில் எல்லாச் சிலேனும் உள்ளே சேர்ந்து முழுக்க ஆக்சிஜனேற்றமடைந்தால் வர வேண்டியது 1.4. 1.0க்கும் 1.2க்கும் இடையில் வந்தால் நல்ல தொகுதி. கந்தகத்தைத் தனிமப் பகுப்பாய்வில் அளந்து இதோடு ஒப்பிடுங்கள். கந்தகம் 1.3, அமிலம் 0.6 என்றால் பாதி மெர்காப்டோ ஆக்சிஜனேற்றமடையவில்லை, அல்லது சுவருக்குள் புதைந்து சோடியம்கூட எட்டாத இடத்தில் இருக்கிறது. சோடியமே எட்டாத மையத்தை ஒலியிக் அமிலம் எட்டப்போவதில்லை.

ஜியோலைட்டில் அமிலத்தின் வகையைப் பிரித்தறியப் பிரிடினைப் படியவைத்து அகச்சிவப்பு நிறமாலை எடுப்பார்கள். 1545 செ.மீ.⁻¹ முகடு பிரான்ஸ்டெட், 1455 லூயிஸ் (எலக்ட்ரான் இணையை ஏற்கும் அமிலம்), 1490 இரண்டுக்கும் பொது.

வினை ஓட்டம்

ஒலியிக் அமிலம் 5.65 கிராம், அதாவது 20 மில்லிமோல். மெத்தனால் 6.4 கிராம், பத்து மடங்கு மோல். உலர்ந்த வினையூக்கி 0.28 கிராம். ரிஃப்ளக்ஸ் குழாய் பொருத்தி 60 டிகிரியில் வையுங்கள். மெத்தனால் 64.7இல் கொதிக்கும், அதைத் தாண்டவிடாதீர்கள். 15, 30, 60, 120, 240 நிமிடங்களில் 0.2 கிராம் மாதிரி எடுத்து உடனே வடிகட்டி, எடைபோட்டு, எத்தனாலில் கரைத்து, 0.1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் தரம் பாருங்கள். தொடக்கத்தில் 3.3 மி.லி. செலவாக வேண்டும். வினை நடக்க நடக்க அது குறையும்.

இதே அளவில் வினையூக்கி இல்லாமல் ஓர் ஓட்டமும், அமிலம் பதிக்காத வெறும் எஸ்பிஏ-15 போட்டு ஓர் ஓட்டமும் கட்டாயம். கொழுப்பு அமிலம் தானே ஓர் அமிலம், மெதுவாகத் தன்னைத்தானே ஊக்கிக்கொள்ளும். அந்த வேகத்தைக் கழிக்காமல் சொல்லும் எந்த எண்ணும் உங்கள் வினையூக்கியின் எண் ஆகாது.

கணக்கு இப்படிப் போகும். பின்னணியைக் கழித்த பிறகு முதல் 30 நிமிடத்தில் 10 சதவீதம், அதாவது 2 மில்லிமோல் மாறியது என்று வைத்துக்கொள்வோம். வினையூக்கியில் இருந்த மையம் 0.28 பெருக்கல் 1.1, ஏறக்குறைய 0.31 மில்லிமோல். ஒரு மையம் ஒரு மணி நேரத்தில் 13 மூலக்கூறுகளை மாற்றியிருக்கிறது. வேறொரு வினையூக்கியோடு ஒப்பிட வேண்டிய எண் இதுதான். நான்கு மணி நேரக் கடைசியில் வரும் மாற்ற சதவீதத்தில் சமநிலையும் தண்ணீரின் தடையும் கலந்துவிடுகின்றன. தொடக்க வேகத்தில் அந்தக் கலப்படம் குறைவு.

விரவுதல் தடுக்கிறதா?

அடுத்த கேள்வி, நீங்கள் அளந்தது வேதிவினையின் வேகமா, அல்லது மூலக்கூறு துளைக்குள் நடந்துபோகும், அதாவது விரவும், வேகமா என்பது. இதற்கு வைஸ்-பிரேட்டர் எண் என்ற எளிய கணக்கு உண்டு. அளந்த வேகம், துகளின் அடர்த்தி, துகளின் ஆரத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கி, துளைக்குள் விரவு கெழுவும் பரப்பில் உள்ள செறிவும் சேர்ந்த பெருக்கலால் வகுக்க வேண்டும். 0.3க்குக் கீழே வந்தால் கவலையில்லை.

நம் வேகம் கிராமுக்கு வினாடிக்கு 4 மைக்ரோமோல். துகளின் அடர்த்தி 0.7 கிராம்/கன செ.மீ., ஒலியிக் அமிலத்தின் செறிவு கன செ.மீ.க்கு 1.4 மில்லிமோல். மீசோதுளைக்குள் திரவத்தில் விரவு கெழுவைப் பத்து லட்சத்தில் ஒரு சதுர செ.மீ./வினாடி என்று தோராயமாக எடுத்துக்கொள்வோம். 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பொடிக்கு எண் 0.002. தடையே இல்லை. அதே பொடியை அழுத்தி 1 மில்லிமீட்டர் மணியாக்கினால் எண் 5. பொருளும் மையமும் துளையும் அதேதான், ஆனால் மணியின் நடுப்பகுதி சும்மா கிடக்கிறது. 0.2 மில்லிமீட்டர் என்றால் 0.2, விளிம்பில் நிற்கிறது. ஆரம் வர்க்கமாக வருவதால் துகளைப் பாதியாக்கினால் எண் கால்பங்காகிவிடும். எனவே கணக்கை நம்பாவிட்டாலும் கையால் சரிபார்க்கலாம்: பொடியை இரண்டு சல்லடை அளவாகப் பிரித்து இரண்டையும் ஓட்டுங்கள். வேகம் ஒன்றாக இருந்தால் நீங்கள் வேதிவினையை அளக்கிறீர்கள்.

இன்னொரு அடையாளம் கிளர்வு ஆற்றல். துளைக்குள் விரவுதல் கடுமையாகத் தடுத்தால் அளந்த கிளர்வு ஆற்றல் உண்மையானதில் ஏறக்குறைய பாதியாகத் தெரியும். 40, 50, 60 டிகிரியில் ஓட்டி, வேகத்தின் மடக்கையை 1/வெப்பநிலைக்கு (கெல்வினில்) எதிரே வரைந்து, கோடு மேல்வெப்பநிலைப் பக்கம் வளைகிறதா என்று பாருங்கள்.

மையம் கரைந்து வெளியேறுகிறதா?

வினை 30 முதல் 40 சதவீதத்தில் இருக்கும்போது, 60 டிகிரியிலேயே, 0.2 மைக்ரோமீட்டர் டெஃப்லான் வடிகட்டியில் திரவத்தை மட்டும் பிரித்து, அதே வெப்பநிலையில் தொடர்ந்து ஓட்டுங்கள். திரவத்தில் வினை பின்னணி வேகத்தைவிட வேகமாக நடந்தால் அமிலம் திண்மத்தைவிட்டுக் கழன்று திரவத்துக்கு வந்துவிட்டது. ஆறவிட்டு வடிகட்டக் கூடாது. ஆறும்போது கழன்றது மறுபடி சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் ஏமாறுவீர்கள்.

மறுபயன்பாட்டுச் சோதனையில் நேர்மை மிக அவசியம். ஐந்து சுற்றிலும் 98 சதவீதம் என்று படம் போடுவது சுலபம். தேவைக்கு இரண்டு மடங்கு வினையூக்கி போட்டு, தேவைக்கு இரண்டு மடங்கு நேரம் விட்டால், பாதி மையம் செத்த பிறகும் அதே 98 வரும். ஒவ்வொரு சுற்றையும் 30 நிமிடத்தில், மாற்றம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போதே ஒப்பிடுங்கள். சுற்றுகளுக்கு இடையே வடிகட்டியில் இழந்த பொடியின் எடையையும் கணக்கில் எடுங்கள்.

வேகம் குறைந்தால் எங்கே தேடுவது? சல்ஃபோனிக் தொகுதி மெத்தனாலோடு சேர்ந்து தானே எஸ்டராகி மையத்தை இழப்பது உண்டு. கொழுப்பு அமிலம் துளையில் தங்கி அடைப்பதும் உண்டு. தண்ணீர் சூழ்ந்துகொள்வதுதான் எல்லாவற்றிலும் அடிக்கடி நடப்பது. மெத்தனாலாலும் பிறகு ஹெக்சேனாலும் கழுவி 80 டிகிரியில் உலர்த்திப் பாருங்கள். மீண்டுவிட்டால் அடைப்போ தண்ணீரோ காரணம். மீளாவிட்டால் நீர்த்த அமிலத்தால் கழுவி மறுபடி தரம் பாருங்கள். எண்ணிக்கை மீண்டால் மையம் மாறியிருந்தது, மீளாவிட்டால் கழன்றுபோயிருக்கிறது.

ஜியோலைட்டும் உலோகமும்: தனியாகச் சொல்ல வேண்டியவை

வாங்கிவந்த ஜெட்எஸ்எம்-5 சோடியம் வடிவில் இருந்தால் அதற்கு அமிலம் கிடையாது. கிராமுக்கு 10 மி.லி. வீதம் 1 மோலார் அம்மோனியம் குளோரைடில் 80 டிகிரியில் இரண்டு மணி நேரம், மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்து, கழுவி உலர்த்தி, 500 முதல் 550 டிகிரியில் சுடுங்கள். அம்மோனியா வெளியேறி புரோட்டான் நிற்கும். படுகையை மெல்லியதாகப் பரப்பி, நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரி மட்டும் ஏற்றுங்கள். ஆழமான குப்பியில் குவித்துச் சுட்டால் வெளியேற வழியில்லாத நீராவி அலுமினியத்தைச் சட்டகத்திலிருந்து பிடுங்கிவிடும். அலுமினிய காந்த ஒத்திசைவு நிறமாலையில் 55 பிபிஎம் அருகே இருந்த முகடு குறைந்து 0 அருகே புதிதாக ஒன்று முளைத்தால் நடந்தது அதுதான்.

ஜியோலைட்டின் குழாய் நீளமாக இருந்து மூலக்கூறு வெளியே வரத் திணறினால், படிகத்துக்குள் பெரிய வழிகளை வெட்டலாம். 0.2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை, கிராமுக்கு 30 மி.லி. வீதம், 65 டிகிரியில் சரியாக 30 நிமிடம் வைத்துப் பனிநீரில் நிறுத்துங்கள். சிலிக்கான்-அலுமினிய விகிதம் 25 முதல் 50 வரை இருக்கும்போதுதான் இது ஒழுங்காக நடக்கும். அதற்குக் கீழே அலுமினியம் பக்கத்துச் சிலிக்கானைக் காத்துக்கொண்டு கரையவிடாது. மேலே போனால் காப்பவர் இல்லாமல் படிகமே கரைந்துபோகும். முடிந்த பிறகு அம்மோனியப் பரிமாற்றத்தை மறுபடி செய்ய மறக்காதீர்கள், இப்போது அது மீண்டும் சோடியம் வடிவம்.

உலோகம் ஏற்றும்போது முதலில் தாங்கியின் சுவருக்கு எந்த மின்சுமை என்று பாருங்கள். சிலிக்காவின் சுமையற்ற நிலை பிஹெச் 2 அருகில், அலுமினாவுக்கு 8 அருகில். நடுநிலைக் கரைசலில் சிலிக்கா எதிர்மின் சுவர். அதற்கு நேர்மின் அயனி வேண்டும், உதாரணமாக டெட்ரா அம்மைன் பிளாட்டினம் நைட்ரேட். குளோரோபிளாட்டினிக் அமிலம் அலுமினாவுக்குப் பொருந்தும். சிலிக்காவில் போட்டால் எதிலும் பிடிக்காமல் உலரும்போது ஓரத்துக்கு ஓடிப் பெரிய உருண்டைகளாகச் சேரும். 5 கிராம் எஸ்பிஏ-15இல் 1 சதவீதம் பிளாட்டினம் வேண்டுமென்றால், உப்பு 0.100 கிராம். துளைக் கனஅளவு கிராமுக்கு 0.9 மி.லி. என்றால் தண்ணீர் 4.5 மி.லி. மட்டும். சொட்டுச் சொட்டாக விட்டுக் கரண்டியால் புரட்டுங்கள். பொடி கடைசிச் சொட்டு வரை உதிரியாகவே இருந்து, அதன்பின் லேசாகப் பளபளக்க வேண்டும். சேறுபோல் ஆனால் வெளியே நிற்கும் கரைசல் உலோகத்தை வெளிப்பரப்பில் கொட்டிவிடும். அறை வெப்பநிலையில் ஓரிரவு விட்டு, பிறகுதான் அடுப்பு.

கரி படிந்த ஜியோலைட்டை எரித்து மீட்கலாம். நைட்ரஜனில் 2 சதவீத ஆக்சிஜனோடு தொடங்கி, 550 வரை மெல்ல ஏற்றி, வெப்பநிலை தானாக எகிறவில்லை என்று உறுதியான பிறகு காற்றுக்கு மாறுங்கள். நேராகக் காற்றை விட்டால் கரி தீப்பற்றும், அந்த நீராவியும் சூடும் சேர்ந்து மறுபடி அலுமினியத்தைப் பிடுங்கும்.

இரண்டாம் தொகுதி செய்யும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அமில எண்ணிக்கை சரியாக இருந்து, சிறு துகளிலும் மையத்துக்கான வேகம் குறைவாக இருந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். மெர்காப்டோ சிலேனின் அளவை அப்படியே வைத்து, சிலிக்கேட்டில் இருபதில் ஒரு மோல் பங்கை மெத்தில் டிரைஎத்தாக்சி சிலேனாக மாற்றிச் சுவரை நீர்விலக்கியாக்கிப் பாருங்கள். துகள் அளவோடு வேகம் மாறினால், சுவரைத் தொடாமல், படி 5இல் 100ஐ 120 ஆக்கித் துளையை அகலப்படுத்துங்கள். இரண்டையும் ஒரே தொகுதியில் செய்துவிட்டால், வேகம் கூடினாலும் எதனால் கூடியது என்று சொல்ல முடியாமல் மூன்றாவது, நான்காவது தொகுதி செய்ய வேண்டிவரும்.